எடைப் பதிவேட்டின் முதல் வரி

புதிதாக வந்திருக்கும் இருவருக்கும்,

எடைப் பதிவேட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் முதல் வரியில் ஒரு பையன் இருப்பான். பதினோரு மாதம், பதினாலு ராத்தல். அவனைக் கீழ் லயத்திலும் தேடாதீர்கள், மேல் லயத்திலும் தேடாதீர்கள். கிடைக்கமாட்டான். தவறி விழுந்த வரி என்று நினைத்து அடித்துவிடவும் வேண்டாம். அவன் என் மகன். அவன் எப்படி அந்தப் பதிவேட்டுக்குள் வந்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவர் நம் ஆராய்ச்சிக்குத் தலைவராக இருக்கும் ஐயா. "போறதுக்கு முன்னால உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதி வச்சிட்டுப் போங்கம்மா" என்றார். எனக்கு இரண்டாவது பிள்ளைக்கு மாதம் நெருங்குகிறது, இனி மலையேற முடியாது. படிவத்தை எப்படி நிரப்புவது, குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கி எந்தப் பாதையில் ஏறுவது, அட்டைக்கு எதைத் தடவுவது என்பதையெல்லாம் என்னோடு வேலை பார்க்கும் கமலத்தக்கா உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுப்பாள். இந்த வாக்கியத்தை எழுதும்போது இன்றைக்கும் என் கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் எழுதுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் பையனுக்கு ஐந்து மாதம். ஆராய்ச்சி தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. உங்களுக்கு விவரம் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போடியில் இருக்கும் ஏலக்காய்த் தோட்ட முதலாளி, ஓடைக்கரையில் ஏலம் நடாமல் விட்டிருந்த இடத்தைக் கீழ் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளிகளின் கீழ் வரிசை வீடுகளில், குடியிருந்த பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். மரத்தை வெட்டக்கூடாது, உதிர்ந்த இலையை அள்ளி எரிக்கக்கூடாது, அதையே உரமாகப் போட்டு கேப்பை, மொச்சை, கீரை, வாழை வைத்துக்கொள்ளலாம். மேல் லயத்துக்காரர்களுக்கு அப்படி இடம் இல்லை. போடிச் சந்தையிலிருந்து தலைச்சுமையாக ஏறிவரும் அரிசிதான் அவர்களுக்கு. இரண்டு லயத்துத் தாய்களும் பிள்ளைகளும் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன நோய் வருகிறது, தாய்க்குத் தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று இரண்டு வருடம் கேட்டு எழுதவேண்டும். பிள்ளைகள் தேறியிருந்தால் ஓடைக்கரை அவர்களிடமே இருக்கும். தேறவில்லை என்றால் அங்கேயும் ஏலம் நட்டுவிடுவேன் என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார்.

கமலத்தக்கா ஐந்தாம் வகுப்பு. நான் எஸ்.எஸ்.எல்.சி. அவளுடைய கையெழுத்து மழையில் நனைந்த கோழி நடந்துபோன மாதிரி இருக்கும். என் தாளைப் பார்த்தால் அச்சடித்தது போல இருக்கும். ஆனால் ஐயா என் தாளைப் புரட்டி வைத்துவிட்டு அவளுடைய தாளை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படிப்பார். நடுவே "ம்" என்பார். என் தாளுக்கு ஒரு நாளும் அந்த "ம்" கிடைத்ததில்லை.

ஏன் என்று எனக்கே தெரிந்தது. கடைசிப் பக்கத்தில், மனநிலை பற்றிய பக்கத்தில், என்னிடம் எல்லாப் பெண்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "ஒரு கவலையும் இல்லம்மா, நல்லாத் தூங்குறோம்." அவளிடம் கதை கதையாகச் சொல்லியிருந்தார்கள். கீழ் லயத்து வீராயி, தன் தாய் செத்ததிலிருந்து வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் வருவதில்லை, காய் எடுக்க ஏலச்செடிக்கு அடியில் குனிந்தால் மட்டும் கொட்டுகிறது என்று, அந்த வீடு என் கணக்குக்கு வருவதற்கு முன் அவளிடம் சொல்லியிருந்தாள். அதே வீராயி என்னிடம், "எங்கம்மா போயி வருசமாச்சும்மா, அதெல்லாம் மறந்து போச்சு" என்றாள். நான் அதை அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்.

கமலத்தக்காவுக்கு நான்கு பிள்ளைகள். நான்கும் நோய் நொடி இல்லாமல் வளர்ந்து தலைக்கு உயர்ந்து நின்றன. அதுவும் எனக்குக் கண்ணில் பட்டது. என் பையன் பிறந்ததிலிருந்தே ஒல்லி. பால் குடித்தால் பாதியை எடுத்துவிடுவான். போடியில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தால் நாள் முழுக்கக் குடிக்காமல் கிடந்தான் என்பதால், அவனையும் துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டுதான் மலை ஏறினேன். லயத்தில் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார்கள். நானும் அவர்கள் பிள்ளைகளைத்தான் முதலில் பார்ப்பேன். தொடையில் மடிப்பு இருக்கிறதா, கன்னம் உப்பியிருக்கிறதா என்று என் கண் தானாகப் போகும். வேலைக்காகப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் பாதி வேலைக்காக. மறுபாதியை உங்களிடம் மறைத்துப் பயனில்லை.

இரண்டாம் வருட முடிவில் எங்கள் இருவர் தாள்களும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. கீழ் லயத்தில் என் கணக்கில் இருந்த ஆறு வீட்டுப் பிள்ளைகளும் நோஞ்சான்கள். வயிற்றுப்போக்கு, பசியில்லை, இருமல். அவளுடைய ஆறு வீட்டுப் பிள்ளைகளும் நன்றாக இருந்தன. ஒரே ஓடைக்கரை, ஒரே கேப்பை. பாதிக்கு இப்படி, பாதிக்கு அப்படி என்றால் யாரோ ஒருத்தி பொய் எழுதியிருக்கவேண்டும்.

அது அவள்தான் என்று நான் முடிவு செய்தேன். அவள் ஒரு வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு மற்ற ஐந்து வீட்டுத் தாளையும் அங்கேயே நிரப்புகிறாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதுதான், கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொறாமையால் எழுதுவதாக நினைக்கவில்லை, கடமை என்றே நினைத்தேன். "கமலம் அவர்களின் தாள்களை நம்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." பணிவுடன் என்ற சொல்லை இரண்டு முறை அடித்து இரண்டு முறை எழுதினேன். தபாலில் போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்கத் தபாலாபீஸ் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஐயா என் கடிதத்தை நம்பினார். சுத்தமான தாளை யாரும் நம்பத்தான் செய்வார்கள். பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடும். ஆனால் அந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டிருந்தது. அங்கே இருந்தது ஸ்டோரில், அதாவது ஏலக்காயைக் காய வைக்கும் கட்டிடத்தில், தொங்கும் தராசு ஒன்றுதான். "காய் நிறுக்குற தட்டுல பிள்ளையத் தூக்கி வைக்கவா? நிறுத்த பிள்ள வளராது" என்று முதல் மாதமே எல்லாத் தாய்களும் சொல்லிவிட்டார்கள். அதனால் என் தாள்களே முதலாளியிடம் போயின. அடுத்த புதன்கிழமை ஆள் கூட்டிவந்து ஓடைக்கரையை ஒழுங்குபண்ணப் போவதாக அவர் சொல்லியனுப்பினார்.

திங்கட்கிழமை நான் மலையில் இருந்தேன். கீழ் லயத்துக்குத் திரும்பும் மூலையில் ஒரு பையன் வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றான். ஒரு வயதுதான் இருக்கும். சுவரைப் பிடிக்காமல் நின்றான். இரண்டு கன்னமும் பழத்தால் உப்பியிருந்தன. என்னைப் பார்த்துச் சிரித்தான். வீராயியின் மகன். என் தாளில் மூன்று வாரமாக எதுவும் செரிக்காமல் படுத்தே கிடந்த பிள்ளை.

வீராயி உள்ளிருந்து ஓடிவந்து முந்தானையால் அவனை மூடினாள்.

"இது அவன் இல்லம்மா. இது எங்க அண்ணன் மகன்" என்றாள்.

"வீராயி, இவன் காதுல இருக்குற மச்சத்த நான் போன மாசமே பாத்துருக்கேன்."

முந்தானைக்குள்ளிருந்து பழம் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது.

"புதன்கிழமை ஆளுக வந்து வாழையெல்லாம் வெட்டப் போறாக, தெரியுமா?" என்றேன்.

"எதுக்கு?"

"பிள்ளைக தேறலைன்னு எழுதியிருக்கு."

"யாரு எழுதுனா?"

"நான்தான். நீங்க சொன்னதத்தான் எழுதுனேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை முந்தானையிலிருந்து விடுவித்தாள். பிறகு என் முதுகில் இருந்தவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தாளும் பேனாவுமாக வருவதால் லயத்தில் எனக்கு டீச்சரம்மா என்றே பெயர்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதீக. இந்தப் பச்சப்பிள்ள குச்சியாட்டம் கெடக்கான். இவன வச்சுக்கிட்டு நீங்க கேக்குறீக, உன் பிள்ள எப்பிடின்னு. எம்பிள்ள குண்டா இருக்கான், ரெண்டு பழம் திங்கிறான்னு எந்த வாயால சொல்லுவேன்? அது மரியாதையா?"

"மரியாதைக்காகவா?"

"பாதி மரியாத." மகனின் வாயைத் துடைத்தாள். "பாதி பயந்தான். உங்க கண்ணு பிள்ளைக தொடையிலயே நிக்கிது. ஆறு வீட்டுலயும் பேசிக்கிட்டோம். டீச்சரம்மா வந்தா பிள்ளைய உள்ள போட்டுரணும், சீக்குன்னு சொல்லிரணும்னு."

அவள் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதமாக என்னை விட நன்றாக அவர்கள்தான் என்னைக் கவனித்திருக்கிறார்கள். கமலத்தக்காவுக்கு நான்கும் நன்றாக வளர்ந்தவை. அவளுடைய கண்ணுக்கு யாரும் எதையும் மறைக்கத் தேவையில்லை. இருவர் தாளும் ஒத்துவராததற்கு அவ்வளவுதான் காரணம்.

கமலத்தக்கா மேல் லயத்தில் இருந்தாள். மூச்சு வாங்க ஏறிப்போய், கடிதம் எழுதியதையும் சொன்னேன், வீராயி சொன்னதையும் சொன்னேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"என்னைப் பத்தியா எழுதுன?"

"ஆமாக்கா."

"எம்புட்டுப் பக்கம்?"

"அரைப் பக்கம்."

"என்னைப் பத்தி எழுத அரைப் பக்கம்தான் கெடைச்சுதா உனக்கு? எஸ்.எஸ்.எல்.சி. படிச்சு என்னத்துக்கு." பாக்கைத் தட்டில் போட்டாள். "சரி, அழுவுறத அப்புறம் வச்சுக்கிடலாம். இப்ப என்ன செய்யப் போற?"

"ஐயாவுக்கு உண்மையை எழுதிடுறேன்."

"எழுது. ஆனா உன் எழுத்த வச்சு ஒரு தடவ கெட்டாச்சு. இன்னொரு எழுத்த வச்சு மொதலாளி மாறிருவாராக்கும்? நேத்து சீக்குன்ன, இன்னைக்குச் சொகம்ங்குற. அவரு சிரிப்பாரு."

அவள் சொன்னது சரி. அப்போது அவள் சொன்ன எல்லாமே சரியாக இருந்ததும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகளைத் தராசில் நிறுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. நிறுக்கச் சொல்லி அவர்களிடம் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டேன். அதிக நேரம் யோசித்தால் செய்யமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை, பெண்கள் வேலைக்குப் போகும் முன் ஸ்டோர் வாசலில் கூடும் நேரம். கங்காணியிடம் கேட்டுத் தராசை இறக்கினோம். தட்டில் என் பழைய புடவை ஒன்றை மடித்து விரித்தேன்.

"டீச்சரம்மா என்னமோ நிறுக்கப் போறாக" என்றாள் ஒருத்தி.

"வெரசா நிறுங்கம்மா, எங்களுக்குச் சோலி கெடக்கு" என்றாள் இன்னொருத்தி.

நான் முதுகிலிருந்த என் பையனை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி, தட்டில் உட்கார வைத்தேன். அவனுடைய விலா எலும்பை அதுவரை என் வீட்டுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை. வெயில் காலத்திலும் சட்டை போட்டே தூக்கிவருவேன். கமலத்தக்கா கல்லை மாற்றி மாற்றி வைத்தாள். முள் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"பதினோரு மாசம். பதினாலு ராத்தல்."

பின்னால் ஒருத்தி மட்டும் மெதுவாக "பாவம்" என்றாள். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இத்தனை நாள் சட்டை போட்டு மூடி வைத்திருந்தேன். புதுப் பதிவேட்டில் முதல் வரியில் அவன் பெயரை எழுதினேன்.

வீராயி முன்னால் வந்தாள். ஸ்டோர் அடுப்பின் வாயில் விரலைத் தேய்த்துக் கரியை எடுத்து என் பையன் கன்னத்தில் பெரிதாகப் பொட்டு வைத்தாள். அவனைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுத் தன் மகனைத் தட்டில் வைத்தாள்.

"எம்புட்டுன்னு வாயால சொல்லாதீக, டீச்சரம்மா. எழுதிக்கிடுங்க."

அவனுக்கும் அதே பதினோரு மாதம்தான். பத்தொன்பது ராத்தல். நான் வாயைத் திறக்காமல் எழுதினேன். பத்தொன்பதில் இருக்கும் ஒன்பதைப் பாருங்கள், கொஞ்சம் கோணலாக இருக்கும். பதிவேட்டில் என் கையெழுத்து கோணிய இடம் அது ஒன்றுதான்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. கீழ் லயத்தில் ஒன்பது பேர் நிறுத்தார்கள், மூன்று பேர் கடைசிவரை மாட்டோம் என்றுவிட்டார்கள். அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அன்று மதியம் மேல் லயத்துப் பிள்ளைகளை நிறுத்தோம். உங்களுக்கு நான் உண்மையிலேயே சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. நான்காவதாக வந்த பெண் குழந்தை. ஒரு வயது முடிந்தவள். முள் பதிமூன்றில் நின்றது. பதிமூன்று என்று எழுதும்போது என் மனசு லேசானது. நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அப்பாடா, என் பையனை விடவும் எடை குறைந்த ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளையின் தாய் என் எதிரில் நின்றுகொண்டிருக்கிறாள், முகத்தில் பயத்தோடு. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன். குண்டுப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டதற்குக் கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இதற்குப் பயந்தேன். இப்படிப்பட்ட கையால்தான் ஆறு மாதமாக நான் அவர்கள் நோயை எழுதியிருக்கிறேன். சீக்கு என்று அவர்கள் சொன்னதை மறுவார்த்தை கேட்காமல் நம்பினேனே, ஏன்? நம்புவது எனக்கு இதமாக இருந்தது.

புதன்கிழமை முதலாளி வந்தார், ஐயாவும் கூடவே வந்தார். நடந்ததை நான் ஐயாவிடம் நின்றபடியே சொன்னேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தாளைப் பார்த்து நானும் ஏமாந்தேம்மா" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதலாளி பதிவேட்டை வாங்கி இரண்டு லயத்துப் பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஓடைக்கரை வரை இறங்கிப்போய் வாழைக்கு அடியில் கிடந்த இலைமக்கைக் காலால் கிளறிப் பார்த்தார். திரும்பி வந்து, "மொதல் வரியில எந்த லயம்னு போடலையே?" என்று கேட்டார்.

"அது என் பையன்" என்றேன்.

"அப்ப அடிச்சிருங்க."

"இருக்கட்டும்ங்க. அந்த வரி இல்லாட்டி மத்த வரி எதுவும் வந்திருக்காது."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கூட்டிவந்த ஆட்களை மேல் சரிவில் கிளை கழிக்கும் கவ்வாத்து வேலைக்கு அனுப்பிவிட்டு, "இன்னும் ஒரு வருசம் பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வருடம் முடிந்து, இன்னொரு வருடமும் கேட்டு வாங்கியிருக்கிறோம். அது இந்தத் தை மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு ஓடைக்கரை யாரிடம் இருக்கும் என்பது உங்கள் தாள்களைப் பொறுத்தது.

அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். நாம் கேள்வி கேட்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அவர்கள் நம் முகத்தைப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். நம் முதுகில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். பதில் சரியில்லை என்று தோன்றினால் பக்கத்து ஆள் தாளைப் பார்க்கும் முன் உங்களைப் பாருங்கள். கடிதம் எழுதத் தோன்றினால் ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். நான் எழுதியது சரியா தவறா என்று இன்னும் யோசிக்கிறேன். எழுதாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவேடே வந்திருக்காதே என்றும் சில நேரம் தோன்றும். அப்படித் தோன்றுவது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்று கமலத்தக்கா சொல்கிறாள்.

என் பையனுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் ஒல்லிதான். வீராயியின் மகன் அவனை ஒரு கையால் தூக்குகிறான். போன மாதம் கடைசியாக மலைக்குப் போனபோது வீராயி என்னிடம் மனநிலைப் பக்கத்துக்குப் பதில் சொன்னாள். இப்போதும் ஏலச்செடிக்கு அடியில் குனிந்தால் அழுகை வருகிறதாம், ஆனால் முன்னைப்போல நாள் தவறாமல் இல்லையாம். இரண்டு வருடம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அது. இனி அவளிடம் கேட்கப் போவது நீங்கள். அதை நினைத்தால் உங்கள் மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

உங்களில் ஒருத்திக்குக் கைக்குழந்தை இருப்பதாகச் சொன்னார்கள். நல்ல குண்டுக் குழந்தை என்றும் சொன்னார்கள். அம்மா, உங்களிடம் அவர்கள் வேறு மாதிரிப் பொய் சொல்லுவார்கள். உங்கள் பிள்ளைக்கு முன்னால் தங்கள் பிள்ளை குறைந்துபோகக்கூடாது என்று, சீக்கையெல்லாம் மறைத்து, நன்றாக இருக்கிறான் என்பார்கள். முதல் நாளே தராசை இறக்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் பிள்ளையை வையுங்கள். கண்ணேறுக்குப் பயப்படாமல், எத்தனை ராத்தல் என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லுங்கள். பதிவேட்டில் என் பையனுக்கு மேலே, கோட்டுக்கும் தாளின் ஓரத்துக்கும் நடுவில், இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அங்கே எழுதுங்கள்.

வேறு யாரிடம் சொன்னாலும் சரி, அந்த எண்ணை எனக்கு மட்டும் சொல்லியனுப்ப வேண்டாம்.